சுறாவுக்குக் கொடுத்த சீர்

பலகையில் அந்த இரண்டாவது வரியை மட்டும் இப்போது எழுதாதீர்கள், தம்பி. ஊர்ப் பெயர் நன்றாக வந்திருக்கிறது. 'இராயப்பர்துறை'. எட்டு எழுத்தும் ஒரே உயரம். நான் அளந்து பார்க்கவில்லை, கண்ணாலேயே தெரிகிறது. கீழே எழுத வேண்டியது என்னவென்று விழாக் கமிட்டியார் சீட்டுக் கொடுத்திருப்பார்கள். 'பதினொரு சுறாக்களைக் காத்த ஊர்.' அப்படித்தானே? அது தப்பு. சீட்டு எழுதியவர் மேல் குற்றமில்லை. எண்ணியவன் மேல்தான் குற்றம். எண்ணியவன் நான்.

என் பெயர் கஸ்பார். வயது அறுபத்தெட்டு. இந்த ஊரில் இருபத்துமூன்று வள்ளங்கள் இருக்கின்றன, அத்தனையும் இப்போது கடலில். பதினொரு மணிக்குத்தான் கரை திரும்பும். இப்போது மணி ஒன்பது முப்பத்தைந்து. நாளைக் காலை பத்தரைக்கு இந்தப் பலகையைத் திறக்கப் போகிறார்கள். அவர்கள் திரும்புவதற்குள் நீங்கள் சரியான வரியை எழுதிவிட வேண்டும், நானும் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதுதான் என் திட்டம். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. என் மனைவி தெக்ளாவைக் கேட்டால் சொல்வாள்: கல்யாணத்தன்று நான் பேசியது ஆறு வார்த்தை, அதில் நான்கு சாமியார் கேட்ட கேள்விக்குப் பதில்.

படித்தது ஐந்தாம் வகுப்பு. முப்பத்தாறு வருஷம் ஐஸ் கம்பெனியில் வேலை. வள்ளத்துக்கு ஏறும் ஐஸ் கட்டைகளை எண்ணுவதுதான் வேலை. ஐஸ் மற்ற சாமான் மாதிரி இல்லை, தம்பி. நின்று யோசித்து எண்ண முடியாது. யோசிக்கிற நேரத்தில் அது குறைந்துவிடும். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு கட்டை கூடியதில்லை, குறைந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா? நீங்கள் கேட்கவில்லை, சரி.

அதனால்தான் சுறா டாக்டர் என்னைத் தேடி வந்தார். டாக்டர் அருந்ததி. மனிதருக்கு மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, சுறாவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். போன டிசம்பரில் ஏலக் கூடத்தில் கூட்டம் போட்டார். எங்கள் கடலுக்குத் தை, மாசியில் புள்ளிச் சுறா வரும். பார்த்திருக்கிறீர்களா? வள்ளத்தைவிட நீளம். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. வாய் கதவு அகலம், பல் மட்டும் அரிசி அளவு. ஆளைக் கடிக்காது. நெத்திலி, கூனி இறால், இவ்வளவுதான் சாப்பாடு. நெத்திலியைத் துரத்திக்கொண்டு வந்து வலைக்குள் விழுந்துவிடும். முன்பெல்லாம் வலையை அறுக்க யாருக்கும் மனசு வராது. வலையா, மீனா என்று இவர்கள் யோசித்து முடிப்பதற்குள் மீன் செத்துவிடும். கொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, செத்த பிறகு வழக்கு வருமே என்று ஊரே ஒளிந்துகொள்ளும். ஒரு தடவை நாலு நாள் ஒளிந்திருந்தோம். என்னையும் சேர்த்து. நான் ஐஸ் எண்ணுகிறவன், நான் ஏன் ஒளிந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

டாக்டர் மேடம் சொன்னது இதுதான். வலையை அறுத்து மீனை விட்டுவிடுங்கள். விடுவதற்கு முன்னால் செவுளுக்குப் பின்னால், இடப்பக்கம், ஒரு போட்டோ எடுங்கள். மனிதனுக்குக் கைரேகை மாதிரி அதற்குப் புள்ளி. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு எண் கொடுங்கள். இந்தக் கடலில் எத்தனை இருக்கிறது என்று தெரிந்தால்தான் எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்ல முடியும். அதற்கு வள்ளத்துக்கு ஒரு கேமரா, நனையாத கேமரா, கொடுத்தார். பதிவேடு என்னிடம் வந்தது.

"நம்பரா?" என்று எழுந்தான் இஞ்ஞாசி. எங்கள் ஊரில் பெரிய குரல் அவனுக்குத்தான். "மேடம், எங்க வீட்டு ஆட்டுக்குக்கூட நம்பர் கெடையாது. பேருதான்."

தொம்மை எழுந்தார். இஞ்ஞாசி எழுந்தால் தொம்மையும் எழுவார், அது இருபது வருஷ வழக்கம். "வள்ளத்துக்கே நாம ஞானஸ்நானம் குடுக்கோம். உசுருள்ள மீனுக்குக் குடுத்தா என்ன?"

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். புது வள்ளத்தைக் கடலில் இறக்கும்போது சாமியார் மந்திரித்து, பெயர் வைப்பார். பிள்ளைக்கு மாதிரியே வள்ளத்துக்கும் ஒரு ஞானத்தகப்பன் உண்டு. அவர் சீர் கொண்டுவர வேண்டும். கொடி, கயிறு, விளக்கு, அவரவர் சக்திக்கு. வெறுங்கையோடு வந்த ஞானத்தகப்பனை ஊர் மூன்று தலைமுறைக்கு மறக்காது.

ஜனவரி மூன்றாம் தேதி தொம்மை வலையில் முதல் சுறா விழுந்தது. அறுத்து விட்டார். போட்டோ எடுத்தார். நீரைத் தெளித்து 'ரீத்தா' என்று தன் மனைவி பெயரை வைத்தார். தண்ணீருக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மீனுக்குத் தண்ணீர் தெளிப்பது எதற்கு என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. பிறகு, சீர் இல்லாமல் பிள்ளையை அனுப்பலாமா? ஒரு கூடை நெத்திலியை அதன் வாய்க்கு முன்னால் கொட்டினார். அது சாப்பிட்டுவிட்டுப் போயிற்று.

ஒன்பது நாள் கழித்து இஞ்ஞாசிக்கு ஒன்று. அவன் மாமியார் பெயரை வைத்தான், செலஸ்தீனா. வாயைப் பார்த்ததும் வேறு பெயர் தோன்றவில்லையாம். அந்த அம்மாள் போட்டோவைப் பார்த்துவிட்டு, "எங்க வம்சத்துக் களை அப்படியே இருக்கு" என்று கண்கலங்கினார்கள். சீர் எவ்வளவு தெரியுமா? ஒன்றரைக் கூடை. தொம்மையைவிட அரைக் கூடை கூட.

அப்புறம் கேட்க வேண்டுமா? மூன்றாவது ஆள் இரண்டு கூடை. ஐந்தாவது ஆள் நெத்திலியோடு கூனி. எட்டாவது ஆள் அன்று பிடித்த மொத்தத்தையும் கொட்டிவிட்டு வெறும் வள்ளத்தோடு வந்தார், அவர் வீட்டில் அன்று கத்தரிக்காய்க் குழம்பு. வலையை அறுப்பதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவே இல்லை. விழவில்லையே என்றுதான் ஏங்கினார்கள். மார்ச் பதினான்காம் தேதி பதினோராவது. எழுபத்தொரு நாளில் பதினொரு சுறா, பதினொரு ஞானத்தகப்பன். மீதிப் பன்னிரண்டு வள்ளக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். ஒருவர் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார்.

நான் என் வேலையைச் சரியாகச் செய்தேன், தம்பி. அதை நீங்கள் நம்ப வேண்டும். பதிவேட்டில் எட்டுக் கட்டம். வரிசை எண், தேதி, வள்ளம், நீளம், போட்டோ, பெயர், ஞானத்தகப்பன், குறிப்பு. போட்டோ பிரிண்ட் போட்டு வந்ததும் ஊசியை வைத்துக்கொண்டு புள்ளிகளை எண்ணினேன். ரீத்தாவுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. செலஸ்தீனாவுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. அடுத்ததற்கு நானூற்று ஐந்து. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எண்ணினேன். புள்ளி வேறு, ஆகவே மீன் வேறு. சிலர் இடப்பக்கம் எடுத்திருந்தார்கள், சிலர் வலை இழுத்த பக்கம் எடுத்திருந்தார்கள், சிலவற்றில் வெயில் அடித்து, ஒன்றில் இஞ்ஞாசியின் கட்டைவிரல் பாதி. விரல் மறைத்த இடத்தில் நான் புள்ளி போடவில்லை. தெரியாததை எண்ணக் கூடாது.

குறிப்புக் கட்டத்திலும் கண்ணால் கண்டதை எழுதினேன். 'முதுகுத் துடுப்பின் நுனியில், கத்தரியால் வெட்டியது போல், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு.'

மேடம் மார்ச் பதினெட்டாம் தேதி பாராட்டுப் பத்திரத்தோடு வந்தார். ஒரே பருவத்தில் பதினொன்றை விட்ட ஊர் வேறு எங்கும் இல்லையாம். ஐஸ் பெட்டி பக்கத்தில் நின்றபடியே பதிவேட்டைப் புரட்டினார். முதல் பக்கத்துக் குறிப்பை வாய்விட்டு வாசித்தார். இரண்டாம் பக்கத்தை வாசித்தார். மூன்றாம் பக்கத்துக்குக் குரல் குறைந்தது. ஆறாம் பக்கத்துக்கு மேல் உதடு மட்டும் அசைந்தது.

"கஸ்பார் ஐயா, பதினொண்ணுக்கும் துடுப்புல ஒரே எடத்துல வெட்டு இருக்குதே..."

"ஆமாம் மேடம்," என்றேன். "நானும் கவனித்தேன். கடைசிப் பக்கத்தில் பொதுக் குறிப்பு இருக்கிறது."

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அதில் நான் எழுதியிருந்தேன்: 'இந்த இனத்துச் சுறாவுக்கு முதுகுத் துடுப்பில் ஒரு வெட்டு பிறவியிலேயே உண்டு.'

நீங்கள் சிரிக்கலாம், தம்பி. மேடம் சிரிக்கவில்லை. போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் வைத்து அரை மணி நேரம் பார்த்தார். இடப்பக்கம் எடுத்தவை ஆறு, வலப்பக்கம் ஐந்து. ஆறும் ஒன்று. ஐந்தும் ஒன்று. வெட்டு பதினொன்றிலும் ஒன்று. ஒரே மீன்.

பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் பத்து. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு கட்டை பிசகாதவன், பத்துச் சுறா பிசகிவிட்டேன். பத்துச் சுறாவும் ஒவ்வொன்றும் இருபத்திரண்டு அடி.

"ஒரே மீன் எதுக்கு ஒரே ஊர் வலையில திரும்பத் திரும்ப விழுது?" என்று மேடம் தனக்குள்ளேயே கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "வலையை அறுத்து விட்டப்புறம் என்ன செய்வீங்க?"

"சீர் கொடுப்போம்."

"என்ன சீர்?"

சொன்னேன். கூடைக் கணக்கோடு சொன்னேன். மொத்தம் இருபத்துநான்கரைக் கூடை, கூனி தனி.

மேடம் ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஈரம், உட்காராதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். கூச்சமாக இருந்தது.

"ஐயா, வலைன்னா சாப்பாடுன்னு அதுக்கு நீங்க பாடம் சொல்லிக் குடுத்துட்டீங்க," என்றார். "இந்த ஊர் வலையில விழுந்தா அறுத்து விடுவீங்க. நாளைக்கு இன்னொரு ஊர் வலையைப் பாத்தும் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி உள்ள போகும். அங்க யாரு அறுப்பா? விசைப்படகு பக்கத்துல போய் வாயைப் பொளந்துகிட்டு நிக்கும். புரொப்பல்லர்ல அடிபட்டா முடிஞ்சுது. சீரை நிறுத்தணும். நான் சொன்னா வெளியூர்க்காரின்னு நெனப்பாங்க. நீங்க எண்ணிச் சொன்னா நம்புவாங்க."

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து, ஏலக் கூடத்தில் அறுபத்துநான்கு பேர். நான் ஒரு மர ஸ்டூலில் ஏறினேன். எனக்கு முன்னால் அவ்வளவு முகங்களை ஒரே நேரத்தில் நான் பார்த்ததே இல்லை, எண்ணியதால்தான் சமாளித்தேன். வாசித்தேன். 'பதினொன்று அல்ல, ஒன்று.' இறங்கிவிட்டேன்.

தொம்மைதான் முதலில் பேசினார். "மத்த பத்தும் ஒண்ணா இருக்கலாம் ஓய். நான் மறுக்கல. என் ரீத்தா வேற."

"ரீத்தாவைத் தூக்கிக் கடல்ல போடும்," என்றான் இஞ்ஞாசி. "செலஸ்தீனா வாய் யாருக்கு வரும்? அது வேற மீனு!"

"கடல்லதான்ல கெடக்கு அது!"

இப்படி ஒவ்வொருவராக. மற்ற பத்தும் ஒன்று, என்னுடையது வேறு. நான் குறித்துக்கொண்டே வந்தேன். பதினொரு பேரும் அதையே சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் மறுபடியும் பதினொன்றே வருகிறது! ஒரு நிமிஷம் எனக்கே நிம்மதியாக இருந்தது. பிறகு மேடம் பதினொரு போட்டோவையும் சுவரில் ஒட்டிக் காட்டினார். செலஸ்தீனா அம்மாள் கிட்டப் போய் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏல இஞ்ஞாசி, எல்லாம் நான்தாம்ல," என்றார்கள். அதோடு வழக்கு முடிந்தது.

ஆனால் சீரை நிறுத்த ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஒரு பிள்ளையோ பதினொரு பிள்ளையோ, வலையில் வந்து விழுந்த ஞானப்பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? ஊரே இவர்கள்தான், அது வேறு விஷயம். அதற்கு வழி சொன்னவள் தெக்ளா. பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து கேட்டாள்: "சீர் குடுக்குறவனுக்கு, புள்ள தப்புத் தண்டாவுக்குப் போனா கண்டிக்கிறதுக்கும் உரிமை இருக்குல்லா? சீரை மட்டும் குடுத்துப் புள்ளையக் கெடுத்து வச்சிருக்கிய. பதினொரு தகப்பன் இருந்து ஒருத்தன் அதட்டினியளா?"

அறுபத்துநான்கு பேரும் தலை குனிந்தார்கள். நானும் குனிந்தேன், நான் தகப்பன் இல்லாவிட்டாலும்.

அன்றிலிருந்து புது ஏற்பாடு. வெட்டுத் துடுப்பு வலைப் பக்கம் வருவது தெரிந்தால், சட்டி, தட்டு, டின், கிடைத்ததைத் தட்டி, வாயாலும் அதட்டி, வலைக்குள் போவதற்கு முன்பே விரட்ட வேண்டும். அதன் மேல் ஒரு அடி படக் கூடாது, ஒரு நெத்திலியும் விழக் கூடாது. மேடமும் சரி என்றார். ஆனால் என்ன பெயர் சொல்லி அதட்டுவது? ஆளுக்கொரு பெயரைக் கூவினால் மீனுக்குக் குழப்பம் அல்லவா? ஒரே பெயராக இருக்க வேண்டும். யார் பெயர்? மறுபடியும் ஒரு மணி நேரம் சண்டை.

கடைசியில் இஞ்ஞாசிதான் கையைத் தூக்கினான். "ஒண்ணையே பதினொரு மட்டம் புதுசா பாத்த ஆளு ஒருத்தருதான். அவரு பேரையே வைப்போம். கஸ்பார்!"

ஊரே சிரித்தது, தம்பி. அவ்வளவு சந்தோஷம் அவர்களுக்கு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள், தொம்மைகூட இஞ்ஞாசியைத் தோளில் தட்டினார், இருபது வருஷத்தில் முதல் தடவை. அது பெண் மீன் என்று மேடம் சொன்னார். பரவாயில்லை என்றார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் தெக்ளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உமக்கு நெசமாவே புரியலையா, இல்ல நடிக்கிறீரா?" என்றாள். அவள் பெயரை வைக்கவில்லையே என்று வருத்தம். காட்டிக்கொள்ள மாட்டாள்.

பதினாறு நாள் ஆயிற்று. ஆறு தடவை வந்தது, ஆறு தடவையும் அதட்டி விரட்டியாயிற்று. ஒரு வலை அறுபடவில்லை. அதையும் நாள்தோறும் எழுதுகிறேன். 'விழவில்லை.' இந்த மாதிரி ஒன்றுமில்லாததை எண்ணுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். ஆனால் கமிட்டியார் மட்டும் பலகையில் பதினொன்றையே போடச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்றாம், இனி ஒன்று என்று போட்டால் சிரிப்பார்களாம். நான் மூன்று நாள் யோசித்தேன். 'ஒரு சுறாவைக் காத்த ஊர்' என்பது சரியான கணக்கு. ஆனால் அதைப் படித்தால் அவர்கள் ஒரு தடவைதான் வலையை அறுத்தார்கள் என்று ஆகிவிடும். அதுவும் தப்புக் கணக்குதானே? அறுத்தது பதினொரு வலை. அதை நான் இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன்.

அதனால்... கொஞ்சம் பொறுங்கள். கேட்கிறதா?

கொண்டல் காற்று அடிக்கிறது, கடல் சத்தம் கரைக்கு வரும். அது அலுமினியச் சட்டி, இஞ்ஞாசி வள்ளம். தகர டின், அது தொம்மை. மூன்று... ஐந்து... ஏழு வள்ளம். இவ்வளவு கிட்ட அது வந்ததில்லை. எழுதாதீர்கள், தம்பி, இறங்கி நில்லுங்கள். விழுந்துவிட்டால் பன்னிரண்டு ஆகிவிடும். பசிக்காரனுக்கு முன்னால் கூடை கூடையாய் நெத்திலி, ஒருவன் மனசு இளகினால் போதும்.

கேளுங்கள், இஞ்ஞாசி குரல். "ஏல கஸ்பாரு! வெக்கங்கெட்டவனே! ஒரே எடத்துக்கு எத்தனை மட்டம்ல வருவ? கண்ணு தெரியலையால ஒனக்கு? போல அங்குட்டு!"

என் பெயர்தான். கேட்டீர்களா? இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். "கஸ்பாரு, போல! கஸ்பாரு, போல!" இருபத்துமூன்று வள்ளத்திலும். ஒரு காலத்தில் இந்த ஊரில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, 'ஐஸ்காரர்' என்பார்கள். எனக்கு என்னவோ போல் இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் பாருங்கள், என்னைப் பார்க்க வேண்டாம்.

நின்றுவிட்டது. சட்டி நின்றுவிட்டது. உங்கள் கண் நன்றாகத் தெரியுமா? யாராவது வள்ளம் தள்ளும் துடுப்பைத் தூக்கிக் காட்டுகிறார்களா? ஒற்றைத் துடுப்பு என்றால் போய்விட்டது. இரண்டு துடுப்பு என்றால் விழுந்துவிட்டது. எத்தனை? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்றா? ஒன்றுதானா? அதற்குப் பக்கத்தில் இருப்பது பாய்மரம்தானே? சரி, எனக்கும் தெரிகிறது. ஒன்று.

போய்விட்டது.

எழுதுங்கள், தம்பி. 'ஒரே சுறாவைப் பதினொரு முறை காத்த ஊர்.' பழைய வரி பதினைந்து எழுத்து, இது பதினேழு. இரண்டுதான் அதிகம், கொஞ்சம் நெருக்கினால் அடங்கிவிடும். வலை விரித்த வேகத்தில் மடக்கிக்கொண்டு அவர்கள் சீக்கிரமே வந்துவிடுவார்கள் போலிருக்கிறது. இஞ்ஞாசி வந்து, யாரைக் கேட்டு மாற்றினாய் என்று கத்துவான். உங்களை ஒன்றும் செய்ய மாட்டான். நான் வீட்டுக்குப் போகவில்லை. இங்கேயே நிற்கிறேன். எண்ணியவன் இவர்தான் என்று என்னைக் காட்டிவிடுங்கள்.

முதல் எழுத்து 'ஒ'. சுழியைப் பெரிதாகப் போடாதீர்கள், இன்னும் பதினாறு இருக்கிறது.